குடுவைச் செடிக்குக் கறி போடாதீர்கள்

குடுவைச் செடி வாங்குகிறவர்களிடம் இனிமேல் எழுதி வாங்கிக்கொண்டுதான் விற்க வேண்டும் போலிருக்கிறது. "இதற்குக் கறி, மீன், முட்டை, பால் எதுவும் ஊட்ட மாட்டேன். வேரில் உரம் வைக்க மாட்டேன்." கீழே ஒரு கையெழுத்து.

இப்படிப் புலம்ப வைத்தவர் ஒரு திருப்பூர்க்காரர். சீசனில் ஊட்டிக்கு வந்தபோது ரோட்டோரக் கடையில் ஒரு நெப்பந்தஸ், அதாவது பூச்சி பிடிக்கும் குடுவை இலை நுனியில் தொங்குகிற செடி, வாங்கிப் போயிருக்கிறார். அதைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு குன்னூரில் என் நர்சரிக்கு வந்து நின்றார். "ஏனுங்கக்கா, புதுசா குடுவையே வர மாட்டேங்குது. சத்துப் பத்தலையோன்னு கொஞ்சம் கொத்துக்கறி போட்டனுங்க."

இருந்த ஒரே குடுவையை லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் கறித்துணுக்கு, அதில் நெளியும் புழு. குடுவையின் கீழ்ப்பாதி கறுத்து, தொட்டால் விரல் உள்ளே போகிற மாதிரி கொழகொழத்திருந்தது. தொட்டியைக் கவிழ்த்தால் உள்ளே செம்மண், அதில் பாதி கரைந்த டிஏபி உர மணிகள், மேலே அழகுக்கு வெள்ளைப் பளிங்குக் கல். வேரைப் பிடித்து இழுத்ததும் தோல் கழன்று நடு நரம்பு மட்டும் கையோடு வந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "பஞ்சகவ்யமும் ஊத்தியிருக்கனுங்க."

அவரைத் திட்ட மனசு வரவில்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் செடிக்குக் கறி வாங்குவதில்லை. ஆனால் இதே கதையை ஊர் பெயரை மட்டும் மாற்றி நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கொத்துக்கறிக்குப் பதில் கோழி ஈரல், டிஏபிக்குப் பதில் மண்புழு உரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லோரும் போடுகிற கணக்கு இதுதான்: பூச்சி தின்கிற செடி, வீட்டுக்குள்ளே பூச்சி இல்லை, அதனால் செடி பட்டினி, நாம்தான் போட வேண்டும். முதல் படியே தப்பு. நெப்பந்தஸுக்குப் பட்டினி என்ற ஒன்றே கிடையாது. உங்கள் வீட்டுச் செம்பருத்தி எப்படி வெயிலிலும் காற்றிலும் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிறதோ, அதே மாதிரிதான் இதுவும். இலை பச்சையாக இருப்பதைப் பார்த்தாலே தெரியவில்லையா? பூச்சியிலிருந்து அதற்கு வேண்டியது கொஞ்சம் நைட்ரஜன், கொஞ்சம் பாஸ்பரஸ். அதுவும் ஏன்? அது பிறந்து வளர்கிற மண்ணில் அவை கிடையாது. மழை அடித்து அடித்துச் சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போன சரிவு, பாசி மேடு, மணல்பாங்கான இடம், இங்கெல்லாம் மற்ற செடி நிற்காது, இது நிற்கும். வேர் அந்த ஏழ்மைக்கே பழகியது. அதில் கொண்டுபோய் உரத்தைக் கொட்டினால், உரத்தின் உப்பு வேரிலிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். நீங்கள் ஊட்டம் என்று நினைத்து வைத்தது வேருக்கு விஷம்.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிஏபி கூடாது. 17:17:17 கூடாது. யூரியா கூடாது. இங்கே மலையில் தேயிலைக்குப் போட்ட மிச்சம் வீட்டுக்கு வீடு ஒரு சாக்கில் இருக்கும், கை தானாக அதில் போகும், அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். தொழு உரம் கூடாது. "ஆர்கானிக்தானே அக்கா?" என்று கேட்கிறவர்களுக்கு: ஆர்கானிக்கும் கூடாது. சாணி எந்த மாட்டுடையது என்று வேர் விசாரிக்காது.

பூச்சியே இல்லாத அறையில் வைத்திருக்கிறீர்களா? அப்போதும் சாகாது, வளர்ச்சி மெதுவாகும். மனசு கேட்கவில்லை என்றால் ஒரு குடுவைக்கு மாதம் ஒரு சின்னப் பூச்சி போதும். எறும்போ ஈயோ, செத்ததானாலும் சரி. பூச்சி மருந்து அடித்துச் செத்ததாக மட்டும் இருக்கக் கூடாது. பால்கனியில் வைத்தால் இந்த வேலையும் உங்களுக்கு இல்லை. எறும்பு தானாக ஏறி வந்து வழுக்கி விழும்.

பூச்சி விழுந்ததும் குடுவை மூடிக்கொள்ளும் என்கிற கதைக்கும் ஒரு வார்த்தை. குடுவையின் மூடி மூடவே மூடாது. ஒரு தடவை திறந்தால் அந்தக் குடுவை வாடும் வரை திறந்தபடிதான். மழை நேராக உள்ளே கொட்டாமல் தடுக்கவும், அடிப்பக்கம் தேன் சுரந்து பூச்சியை இழுக்கவும் இருப்பது அது. படக்கென்று மூடுவது வீனஸ் ஃப்ளைட்ராப், அது வேறு குடும்பம். பிள்ளைகளுக்குக் காட்ட மூடியை விரலால் அழுத்தி அழுத்திக் கீலை உடைத்துக் கொண்டுவருகிறார்கள். "குழந்தை விரலைக் கடிக்குமா" என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

கொசு ஒழிக்க வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கொசுவத்தியே வாங்கிக்கொள்ளுங்கள், மலிவு. நெப்பந்தஸில் விழுவது பெரும்பாலும் எறும்பு. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் சில கொசு இனங்கள் இந்தக் குடுவைத் தண்ணீரில்தான் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளர்கின்றன.

சரி, குடுவை ஏன் வரவில்லை? பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் காரணம் காற்றில் ஈரம் குறைவு, இல்லையென்றால் வெளிச்சம் குறைவு. இலை நுனியிலிருந்து ஒரு கொடி நீண்டு, அதன் முனையில் அரிசியளவு மொட்டு தெரியும். அதுதான் நாளைய குடுவை. காற்று காய்ந்திருந்தால் அந்த மொட்டு அப்படியே பழுப்பாகிக் கருகும். ஏசி அறை, ஃபேனுக்கு நேர் கீழே, டிவி ஸ்டாண்டு, இந்த மூன்று இடத்திலும் குடுவையை எதிர்பார்க்காதீர்கள். கிழக்குப் பார்த்த ஜன்னல் அல்லது பால்கனி நல்லது. காலை வெயில் படட்டும், உச்சி வெயிலுக்கு ஐம்பது சதவீத நிழல்வலை. இடம் மாறினாலும் கோபித்துக்கொள்ளும் செடி இது. கடையிலிருந்து வந்ததும் பழைய குடுவைகள் காய்வது சகஜம். அடுத்தடுத்து வருகிற இலைகளைப் பார்த்துத்தான் செடியின் நிலையைச் சொல்ல முடியும், அதுவரை தினம் ஒரு மூலைக்கு மாற்றி மாற்றி வைக்காதீர்கள். குடுவைக்கும் ஆயுள் உண்டு. சில மாதத்தில் மூடிப்பக்கத்திலிருந்து காய்ந்துகொண்டு வரும். காய்ந்ததை மட்டும் வெட்டுங்கள், பச்சை இலையை விட்டுவையுங்கள். கொண்டுவரும் வழியில் உள்ளே இருந்த திரவம் கொட்டிப்போயிருந்தால் மூன்றில் ஒரு பங்கு மழைத்தண்ணீர் விடலாம். புதுக் குடுவை திறப்பதற்கு முன்னமே தனக்கு வேண்டியதைச் சுரந்து வைத்திருக்கும், அதில் கை வைக்க வேண்டாம்.

தண்ணீர்தான் இரண்டாவது எமன். போர்வெல் தண்ணீர் ஊற்றிய தொட்டியைப் பார்த்ததும் தெரியும், விளிம்பில் வெள்ளைப் பூத்திருக்கும். "எங்க வீட்டுக்குச் சிறுவாணிங்க" என்பார்கள் கோயம்புத்தூர்க்காரர்கள், பெருமையாக. நல்ல தண்ணீர்தான். ஆனால் குழாயில் வரும்போது குளோரினோடு வருகிறது, பல வீடுகளில் கீழ்த்தொட்டியில் போர் தண்ணீரும் கலந்துவிடுகிறது. மீன் தொட்டிக் கடையில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஐம்பதுக்குள் காட்டினால் ஊற்றுங்கள். தாண்டினால் மழைத்தண்ணீர் அல்லது ஆர்ஓ இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீர். மலையில் இருக்கிற நமக்கு இதில் சாக்குச் சொல்ல வழியே இல்லை. ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை, ஓட்டுக்கூரை ஓரத்தில் ஒரு டிரம் வைத்தால் முடிந்தது. முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள், கூரை அழுக்கு அதில் வரும்.

மண்? மண்ணே கிடையாது. ஸ்பேக்னம் பாசி, பெர்லைட் என்கிற லேசான வெள்ளைத் துணுக்கு, கொஞ்சம் ஆர்க்கிட் வளர்க்கப் போடுகிற மரப்பட்டை. கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், போட்டே ஆக வேண்டுமென்றால் உப்புப் போகும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள், அதே மீட்டரில் சோதித்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தொட்டிதான் சரி, மண்தொட்டி உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வெள்ளைப் பளிங்குக் கல்லைத் தயவுசெய்து எடுத்து எறியுங்கள், ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் சுண்ணாம்பு கரைந்து இறங்குகிறது. இன்னொன்று, தொட்டி மாற்றும்போது வேர் கறுப்பாக இருப்பதைப் பார்த்து அழுகல் என்று நறுக்கிவிடுகிறார்கள். நெப்பந்தஸ் வேரின் நிறமே கறுப்பு. மெல்லியது, சுலபமாக ஒடியும். உறுதியாக இருந்தால் நல்ல வேர், உருவிக்கொண்டு வந்தால் அழுகல்.

இங்கே கடைக்காரர்களே குழப்புகிற ஒரு விஷயம் உண்டு. தரையிலிருந்து நேராக ஊதுகுழல் மாதிரி எழும்பி நிற்பது சாராசீனியா, வட அமெரிக்காக்காரர். அதற்கு நல்ல வெயில் வேண்டும், தட்டில் ஓரிரு அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், மூன்று நான்கு மாதம் குளிரில் தூங்கவும் வேண்டும். இலை நுனியில் குடுவை தொங்குவது நெப்பந்தஸ். அதைத் தட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் வேர் போய்விடும். இரண்டையும் "குடுவைச் செடி" என்று ஒரே அட்டை மாட்டி விற்றால் வாங்குகிறவர் என்ன செய்வார்?

2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டி சாராசீனியாவுக்கு அருமையான ஊர். குளிர்காலத் தூக்கத்துக்கு ஃப்ரிட்ஜ் தேடவே வேண்டாம். நெப்பந்தஸை மட்டும் நவம்பரிலேயே உள்ளே எடுத்துவிடுங்கள். தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிற ஒரே ராத்திரி போதும், காலையில் இலையெல்லாம் வேகவைத்த கீரைதான். குன்னூர் 1,850 மீட்டர், இங்கே கொஞ்சம் தேவலை. கண்ணாடி ஜன்னலுக்குள் வைத்தால் தாங்கிவிடும்.

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் ஒன்று கேட்டு வாங்குங்கள்: மலைவகையா, தாழ்நிலவகையா? மலைவகைக்கு ராத்திரி குளிர வேண்டும். சென்னை மே மாத ராத்திரியில் அது வெந்துவிடும், நீங்கள் என்ன செய்தாலும். பிலிப்பைன்ஸ் இனங்களின் கலப்பான வென்ட்ராட்டா ஓரளவு எந்த ஊரையும் அனுசரித்துப் போகும். புதிதாக வளர்ப்பவருக்கு நான் அதைத்தான் கொடுப்பேன். வாங்கியதை டிக்கியில் அடைத்து, தொட்டபெட்டா, டால்பின் நோஸ் எல்லாம் சுற்றிவிட்டு மேட்டுப்பாளையம் வெயிலில் இறங்காதீர்கள். ஊருக்குத் திரும்பும் அன்றைக்கு வாங்குங்கள்.

ஆன்லைனில் நீலக் குடுவை, வானவில் குடுவை விதை என்று விற்கிறார்களே, அந்த நிறத்தில் செடியே கிடையாது. நெப்பந்தஸில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் ஒரே நேரம் பூத்தால்தான் விதை. அந்த விதையும் முடி மாதிரி மெல்லியது, சீக்கிரம் முளைப்புத் திறன் போய்விடும். முளைத்து வந்தது கீரை என்று எனக்குப் படம் அனுப்பினால் நான் என்ன செய்யட்டும், பொரியல் செய்யுங்கள்.

இனிச் சொல்வதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ், காசியானா. மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகள்தான் அதன் வீடு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட தாவரம். காட்டிலிருந்து எடுப்பது மட்டுமில்லை, உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும்கூடக் குற்றம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்திலும் முதல் பட்டியலில் இருக்கிறது. "ஒரிஜினல் மேகாலயா செடி" என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். என்னிடமும் கேட்காதீர்கள்.

நம் மலையையும் விட்டுவையுங்கள். நீலகிரியில் காட்டு நெப்பந்தஸ் கிடையாது, ஆனால் பூச்சி பிடிக்கும் வேறு செடிகள் உண்டு. ஈரப் புல்வெளியில் விரலளவு உயரத்தில், இலை முழுக்கப் பிசுபிசுத்த துளிகளோடு நிற்குமே டிரோசீரா, அதை வேரோடு பிடுங்கி டீ கப்பில் நட்டு எடுத்துவருகிறார்கள், "இதுவும் அந்த மாதிரிதானே அக்கா" என்று. அது உங்கள் வீட்டில் பிழைப்பது ரொம்பக் கஷ்டம். மண்டியிட்டுப் பாருங்கள், படம் எடுங்கள், அங்கேயே விடுங்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அதே மாதிரி சோலை மரத்தில் உரித்த பாசியைத் தொட்டிக்கு வாங்காதீர்கள். அது ஸ்பேக்னமும் இல்லை, காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எடுப்பது சட்டப்படி தப்பும்கூட. காய்ந்த ஸ்பேக்னம் பாக்கெட்டில் கிடைக்கிறது, ஊறவைத்தால் போதும்.

சீக்கான செடியைக் காட்ட வருகிறவர்கள் காலையிலேயே வாருங்கள், மத்தியானத்துக்கு மேல் மூட்டம் வந்தால் இலையின் நிறமே தெரியாது. தொட்டியோடு கொண்டுவாருங்கள், வேரைக் கழுவி எடுத்துவர வேண்டாம். நீங்கள் ஊற்றுகிற தண்ணீரில் ஒரு டம்ளர் அளவு ஸ்டீல் பாட்டிலில் எடுத்துவந்தால் இங்கேயே மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம். அப்புறம் என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எப்படியும் தொட்டியைக் கவிழ்க்கத்தான் போகிறேன்.