மெஷினை இறக்கிவிட்டால் லேப் ஆகிவிடாது

ஏழை நாட்டு ஆய்வகத்துக்கு உதவி என்றதும் பலருக்கு மெஷின்தான் ஞாபகம் வருகிறது. ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, இறக்கிவிட்டு வந்துவிடலாம், சுலபம். அப்புறம் ரீஏஜென்ட் (சோதனைக்கு வேண்டிய ரசாயனம்) தீர்ந்துபோய், வோல்டேஜ் ஏறி இறங்கி போர்டு எரிந்து, சர்வீஸ் இன்ஜினியர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றானால், லட்சக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய அந்த மெஷின் உறை போட்டு மூலையில் கிடக்கும்.

அதனால்தான் ரத்தம் எடுக்கும் வேக்யூடெய்னர் குழாய்களால் நம் லேப்காரர்களுக்கெல்லாம் தெரிந்த பி.டி கம்பெனியும் அமெரிக்க அரசின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டமான பெப்ஃபாரும் 2007-இல் தொடங்கிய கூட்டு முயற்சியை நான் கவனித்து வந்தேன். உகாண்டா, மொசாம்பிக், எத்தியோப்பியா போன்ற நாடுகளின் ஆய்வகங்களுக்குக் கம்பெனி தன் ஊழியர்களையே சில வாரங்கள் தன்னார்வலர்களாக அனுப்பியது. குழாய் விற்கிற கம்பெனிக்கு இதில் லாபமே இல்லையா என்று கேட்டால், இருக்கும்தான், மறைக்க ஒன்றுமில்லை.

உகாண்டாவில் பிரச்சினை பாதி லேபுக்கு வெளியே இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயா என்று உறுதிசெய்ய, தொலைவிலுள்ள மையங்களிலிருந்து சளி மாதிரி கம்பாலாவிலுள்ள தேசிய ஆய்வகத்துக்கு வந்து சேரவேண்டும். மையங்களை ஜிபிஎஸ் வைத்து வரைபடத்தில் குறித்து, தபால் வழியாக மாதிரிகளை அனுப்பும் ஏற்பாட்டை வலுப்படுத்தினார்கள். சளிக்குப்பியின் மூடியை இறுக்கி, உறிஞ்சும் பஞ்சு சுற்றி, கசியாத இரண்டாவது டப்பாவில் வைத்து, அதற்கும் வெளியே கெட்டியான பெட்டி. இதை ஒவ்வொரு மையத்திலும் ஒருவர் சரியாகச் செய்யவேண்டும், பார்சலோடு வரும் படிவத்தில் பெயரும் எண்ணும் குப்பியில் இருப்பதோடு ஒத்துப்போகவேண்டும், இல்லையென்றால் கம்பாலாவில் எவ்வளவு நல்ல மெஷின் இருந்தும் என்ன பயன்?

நான் தணிக்கைக்குப் போனால் முதலில் பார்ப்பது தினமும் குறிக்கவேண்டிய ஃப்ரிட்ஜ் வெப்பநிலை அட்டையைத்தான். மாதம் முழுக்க 4 டிகிரி, ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிரிவு 2009-இல் கிகாலியில் தொடங்கிய தர மேம்பாட்டு முறை, ஆய்வகங்களைப் படிப்படியாக ஐந்து நட்சத்திரம் வரை ஏற்றுவது, இந்த மாதிரிச் சின்ன விஷயங்களையும் சேர்த்துத்தான் மதிப்பிடுகிறது.

உங்கள் கம்பெனி அனுப்புகிறது என்றால் தாராளமாகப் போங்கள். ஆனால் போவதற்கு முன்பே அந்த லேப் மேலாளரிடம் அவர்களுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். கன்ட்ரோல் ஓட்டுவது (மதிப்பு தெரிந்த மாதிரியை வைத்து மெஷின் சரியா என்று பார்ப்பது), அந்த முடிவைத் தர வரைபடத்தில் புள்ளியாக வைப்பது எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே அங்குள்ள டெக்னீஷியன் கையால் நடக்கவிட்டு, நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.