ஸ்ப்ளிட் கேன் ராடுக்கு தமிழ்ல என்ன பேரு?

ஃப்ளை ஃபிஷிங்னா பூச்சி மாதிரி செஞ்ச பொய் இரையைப் (ஃப்ளை) போட்டு மீன் பிடிக்கறது. அதுக்கான பழைய ராடுங்களப் (தூண்டில்கோல்) பத்தி படிச்சா ஸ்ப்ளிட் கேன்ங்கற வார்த்தை கண்டிப்பா வரும், அத அகராதி பாத்து "பிளந்த பிரம்பு"ன்னு எழுதிடறாங்க, அது தப்புங்க. பிரம்பு உள்ள கெட்டியா இருக்கற கொடி, நாற்காலி பின்றதுக்கு ஆகும். இங்க கேன்னா மூங்கில்.

கேனோட மூலம் கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் இருக்கற கன்னா, அதுக்கும் முன்னாடி அக்காடியன் மொழியில கனூ, நாணல்னு அர்த்தம். அப்புறம் கணு போட்ட தண்டுங்க பலதுக்கும் அந்தப் பேரே நின்னுடுச்சு, சுகர்கேன் அப்படி வந்ததுதான். நம்ம "கழை"யும் இதேதான், மூங்கிலயும் குறிக்கும் கரும்பயும் குறிக்கும். குறுந்தொகை 54வது பாட்டுல யானை வளைச்சுட்டு விட்ட பசுங்கழை, மீன் எறிஞ்ச தூண்டில் மாதிரி விருட்டுன்னு மேல எழும்புதுன்னு வருது, அந்த உவமையாலயே எழுதினவருக்கு மீனெறி தூண்டிலார்னு பேரு. மூங்கிலோட அந்தத் துள்ளல்தான் ஃப்ளை ராடுக்கும் உயிர்.

ஏன்னா இறகும் நூலும் சுத்தின ஃப்ளைக்கு எடையே கிடையாது, கனமெல்லாம் லைன்லதான், ராடு நல்லா வளைஞ்சு நிமிர்ந்தாதான் அந்த லைன் முன்னாடி பறக்கும். மூங்கில்ல பலமான நாரெல்லாம் தோலை ஒட்டியே இருக்கும், உள்ள போகப் போக நார் கம்மி. அதனால மூங்கிலைப் பிளந்து, ஒவ்வொரு பட்டையையும் 60 டிகிரி முக்கோணமா இழைச்சு, தோல் பக்கம் வெளிய இருக்கற மாதிரி 6 பட்டைய பசை போட்டு ஒட்டினா நடுவுல ஓட்டை இல்லாத அறுகோணக் கோல் கிடைக்கும். அடிலேர்ந்து நுனிக்கு எவ்ளோ மெலியணும்ங்கறத அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல இழைப்பாங்க, ராடோட குணமே அதுலதான் இருக்கு.

அமெரிக்காவுல மூங்கிலைப் பிளந்து ஒட்டற இந்த முறைய 1840கள்ல செஞ்சு பாத்தவர் பென்சில்வேனியா ஈஸ்டன் ஊர்ல துப்பாக்கி செய்ற சாமுவேல் ஃபிலிப், வயலினும் செய்வாராம். பெரிய அளவுல கொண்டு போனது மெயின் மாநிலத்து பாங்கோர்ல இருந்த ஹைரம் லெனார்ட், 1870கள்ல பட்டை இழைக்கவே மெஷின் வச்சவர். எட்வர்ட் பெய்ன், ஃப்ரெட் தாமஸ், யூஸ்டிஸ் எட்வர்ட்ஸ் எல்லாரும் அவர் பட்டறையில தொழில் பழகினவங்க, அதனால என்னைக் கேட்டா அந்த ஒரு பட்டறைதான் இந்தக் கலைக்கே தாய்வீடு. பின்னாடி எவரெட் காரிசன்னு ஒரு எஞ்சினியர் ராடு வளையற விதத்தையே கணக்கு போட்டு மெலிவை முடிவு பண்ணினார். இங்கிலாந்து ஆல்ன்விக் ஊர்ல ஹார்டி கம்பெனி பாலகோனாங்கற பேர்ல வித்ததும் ஸ்ப்ளிட் கேன்தான்.

மூங்கில் ரகங்களோட பேர்லயும் குழப்பம் உண்டு. ஆரம்பத்துல கல்கத்தா கேன்னு நம்ம நாட்டு மூங்கில் போச்சு, அப்புறம் டோங்கின் கேன் வந்து அத ஓரங்கட்டிடுச்சு. டோங்கின்னா வட வியட்நாம், ஆனா அந்த மூங்கில் வளர்றது சீனாவோட குவாங்டாங்ல. 1931ல மெக்ளூர்ங்கற தாவரவியலாளர் அதுக்கு வச்ச பேர்ல "அமாபிலிஸ்"னு வரும், லத்தீன்ல அன்புக்குரியதுன்னு பொருள். 1950ல அமெரிக்கா சீன வர்த்தகத்துக்குத் தடை போட்டதும் சரக்கு நின்னுது, ஃபைபர் கிளாஸ் ராடு அந்த எடத்தைப் பிடிச்சுடுச்சு.

சரி, தமிழ்ல? பந்தல் போடறவங்களும் தட்டி கட்டறவங்களும் நீளவாக்குல பிளந்த மூங்கில் பட்டைய பிளாச்சுன்னுதான் சொல்றாங்க, இதுக்கு அளவெடுத்த சொல். அதனால ஸ்ப்ளிட் கேன்னா மூங்கில் பிளாச்சு, ஸ்ப்ளிட் கேன் ராடுன்னா பிளாச்சுத் தூண்டில்கோல், கொஞ்சம் இலக்கியமா வேணும்னா கழைப்பிளாச்சுக் கோல். வெறுமனே மூங்கில் தூண்டில்னு எழுதாதீங்க, குளத்தங்கரையில முழு மூங்கில் கம்புல நரம்பு கட்டிப் போடறமே, அதுக்கும் அதே பேருதான்.