மூடுபனியைக் குடிக்கும் ரெட்வுட் மரங்கள்

கிணற்று மேட்டில் நின்று உறிஞ்சும் எந்த மோட்டாராலும் 10 மீட்டருக்குக் கீழே கிடக்கும் தண்ணீரை எடுக்க முடியாது. காற்றழுத்தம் தண்ணீரைத் தள்ளும் உயரமே அவ்வளவுதான். ஆனால் வடக்கு கலிபோர்னியாவின் கடலோரக் காடுகளில் வளரும் ரெட்வுட் மரம் 100 மீட்டருக்கும் மேலே தண்ணீரை ஏற்றிவிடுகிறது. உலகிலேயே மிக உயரமான மரம் ‘ஹைப்பீரியன்’ இந்த இனம்தான். 2006-ல் கண்டறியப்பட்ட அதன் உயரம் 115 மீட்டருக்கும் அதிகம்.

வேலை தொடங்குவது உச்சியில். இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாக, இலைக்குள் எஞ்சியிருக்கும் நீர் தனக்குக் கீழே உள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்பவை. ஆகவே இலை முதல் வேர் வரை நுண்குழாய்களில் அறுபடாத நீரிழைகள் ஓடுகின்றன. இழுப்பதற்கான ஆற்றலை வெயில் கொடுத்துவிடுகிறது.

சிக்கல் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஏறும்போதும் நீரிழையின் மீதான இழுவிசை ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் அளவுக்குக் கூடும். அளவு மீறினால் குழாய்க்குள் காற்றுக்குமிழி தோன்றி இழை அறுந்துபோகும். ஜார்ஜ் கோக் தலைமையிலான ஆய்வாளர்கள் இந்த மரங்களின் உச்சி வரை ஏறி அளந்து பார்த்தார்கள். இந்த இனம் 122 முதல் 130 மீட்டர் வரைதான் வளர முடியும் என்று 2004-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். இந்த இழுவிசையின் பாதிப்பு இலைகளிலேயே தெரியும். தாழ்ந்த கிளையின் இலை குச்சிக்கு இருபுறமும் தட்டையாக விரிந்திருக்கும். உச்சி இலையோ சிறுத்து, தடித்து, குச்சியோடு ஒட்டிக் கிடக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே மரத்தில் பறித்தவை என்று நம்புவது கடினம். கீழே மண் ஈரமாக இருந்தாலும் உச்சி இலைக்குத் தாகம்தான்!

அந்தத் தாகத்தைத் தணிக்க மரத்துக்கு இன்னொரு வழி உண்டு. கலிபோர்னியாவின் கோடையில் மழை அரிது. ஆனால் பசிபிக்கின் குளிர்ந்த கடல்நீர் மேலே வரும் காற்றைக் குளிர்விக்க, மூடுபனி கரையேறி வருகிறது. காட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூடுபனியிலிருந்து வருவதாக சூழலியலாளர் டாட் டாசனின் ஆய்வு காட்டியது. இலையில் படிந்த துளிகள் சொட்டி வேருக்குப் போகின்றன. கொஞ்சம் இலைவழியாகவே உள்ளே போகிறது. இதற்கென்றே ஒருவகை இலைகள் இருப்பதை 2022-ல் வெளியான ஆய்வு விளக்கியது: ஒருவகை உணவு தயாரிக்கிறது, மற்றொன்று தண்ணீர் குடிக்கிறது. இலை நனைந்த முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய மரம் ஒன்று 53 லிட்டர் வரை குடிக்கக்கூடுமாம். எனக்கு இந்த மரத்தின் உயரத்தைவிட இதுதான் பெரிய வியப்பு.

இதை நேரில் காண ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான அதிகாலை நல்ல நேரம். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே உள்ள ரெட்வுட் காடான மியூர் வுட்ஸுக்குப் போக, கார் நிறுத்தவோ அங்கே செல்லும் பஸ்ஸில் ஏறவோ முன்பதிவு வேண்டும்; கூட்டமும் அதிகம். நேரம் இருப்பவர்கள் வடக்கே ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவுக்குச் செல்வதே மேல். சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள ‘அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ்’ சாலை அதன் வழியாகத்தான் போகிறது. மழையே இல்லாத காலையில் மரத்தடியில் மட்டும் சொட்டுச் சொட்டாக நீர் விழுவதைக் கேட்கலாம்.

பாதையை விட்டு மட்டும் இறங்க வேண்டாம். ரெட்வுட்டுக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் சில மீட்டர் ஆழத்தில் நின்று, பக்கவாட்டில் 30 மீட்டர் வரை பரவி, அடுத்த மரத்தின் வேர்களோடு பின்னிக்கொள்ளும். மிதிபட்டு இறுகிய மண்ணில் நீரும் காற்றும் இறங்குவதில்லை. பார்க்க வந்தவர்களின் கால்பட்டு ஹைப்பீரியனைச் சுற்றிய பன்னச்செடிகள் அழிந்ததால், 2022-ல் அந்தப் பகுதி மூடப்பட்டது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. சரியான முடிவு. அடியில் நின்றால் அதன் உச்சி தெரியப்போவதும் இல்லை.

உயரத்தை உணர வேண்டுமானால் ஹம்போல்ட் பூங்காவில் ‘ஃபவுண்டர்ஸ் குரோவ்’ என்ற மரத்தோப்பு இருக்கிறது. ஏறத்தாழ 110 மீட்டர் உயரம் இருந்த ‘டயர்வில் ஜயன்ட்’ என்ற ரெட்வுட் மரம் 1991-ல் அங்கே சாய்ந்தது. பெயர்ந்த வேர்ப்பகுதியில் தொடங்கி, விழுந்து கிடக்கும் அடிமரத்தை ஒட்டியே நடந்து போகலாம்.