நாற்காலிக் காலடியில் ஒரு நிழல்

திருவல்லிக்கேணியில் எங்கள் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு பென்சில் ஓவியம் மாட்டியிருக்கிறது. பிரம்பு பின்னிய மர நாற்காலி ஒன்று, அதன் மேல் பக்கவாட்டில் விழும் ஜன்னல் வெளிச்சம். அவ்வளவுதான். 1850இல் தொடங்கிய எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் படித்தபோது அண்ணன் வரைந்தது.

போன வாரம் நாற்காலிக் காலடியில் இருக்கும் நிழலைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். அந்தக் கால் தரையை விட்டு எழும்பிவிட்டது! விரலை எடுத்ததும் மறுபடி கனமாக ஊன்றி நின்றது.

கால் தரையைத் தொடும் இடுக்கில் வெளிச்சம் நுழைய வழியில்லை. அங்கேதான் கருமை அதிகம். அதை ஒட்டி நிழலின் விளிம்பும் கூர்மையாக இருக்கும். அப்புறம் தள்ளிப் போகப் போக விளிம்பு கரையும். ஏனென்றால் ஜன்னல் அகலமானது. விளிம்பில் ஓர் எறும்பு நின்று பார்த்தால், ஜன்னலில் பாதி தெரியும், மீதியைக் கால் மறைக்கும். நிழல் பொருளோடு ஒட்டியிருந்தால் பொருள் தரையில் நிற்கிறது, விலகியிருந்தால் அந்தரத்தில் இருக்கிறது என்று மூளை நம்மைக் கேட்காமலே கணக்குப் போட்டுவிடுகிறது.

சரி, வெறும் சாம்பல் நிறத்தில் வெளிச்சம் எப்படி வருகிறது? நிஜ அறையில் ஜன்னலுக்கும் மூலை இருட்டுக்கும் வெளிச்சம் ஆயிரம் மடங்குகூட மாறும். தாளின் வெள்ளைக்கும் பென்சில் கருமைக்கும் சில பத்து மடங்கு இருந்தாலே அதிகம். ஆனால் கண் மூளைக்கு அனுப்பும் செய்தியில், எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட, பக்கத்து இடத்தோடு எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம். பூனையின் மூளையில் விளிம்புகளுக்கென்றே துடிக்கும் செல்கள் இருப்பதை நரம்பியல் விஞ்ஞானிகள் ஹியூபெலும் வீசலும் 1959இல் காட்டினார்கள். 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். அண்ணனும் நாற்காலி முதுகின் ஒளி பட்ட ஓரத்தில் கோடே போடவில்லை. பின்சுவரைக் கொஞ்சம் கருக்கியிருக்கிறான், ஓரம் தானாகத் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இருக்கைக்கு அடியில். நேர் வெயிலாக இருந்தால் பிரம்புப் பின்னலின் ஓட்டைகள் தரையில் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கும். ஜன்னலின் பரந்த வெளிச்சத்தில் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். அண்ணன் அங்கே ஒரு புள்ளிகூட வைக்கவில்லை, மெல்லிய சாம்பல் மட்டும் தடவியிருக்கிறான். மனதிலிருந்து வரைந்திருந்தால் புள்ளி வைத்திருப்பான். அந்த நாற்காலி முன்னால் நெடுநேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.