கன்ட்ரி இசை: நாட்டுப்புற இசையா, நாட்டுப்பாணி இசையா?

நாகரிகம் தெரியாதவனைக் 'கன்ட்ரி புரூட்' என்று திட்டுவது நம்மூர் வழக்கம். (சிலர் வாயில் அது 'ஃப்ரூட்' ஆகி, திட்டு பழமாகிவிடும்.) அந்தக் 'கன்ட்ரி'தான் அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்கொண்ட 'கன்ட்ரி மியூசிக்'கிலும் இருக்கிறது. அதைத் தமிழில் 'நாட்டுப்புற இசை' என்று எழுதுவது சரியா என்பதுதான் கேள்வி.

சொல்லின் வேர் லத்தீன் 'கொன்ட்ரா', அதாவது எதிரே. கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலம் என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இன்று அதற்குத் தேசம், கிராமப்புறம் என்று இரண்டு பொருள். நம் 'நாடு'ம் இதே மாதிரிதான்: அண்டை நாடு ஒன்று, நாட்டுக்கோழி இன்னொன்று.

1920களில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் இந்த இசையை 'ஹில்பில்லி' என்றே விற்றன. பட்டிக்காட்டான் என்பது போன்ற ஏளனச் சொல் அது. அங்குள்ள இசைத்துறை இதழான பில்போர்டு 1944இல் இதற்குத் தரவரிசைப் பட்டியல் தொடங்கியபோது 'ஃபோக்' என்று பெயர் வைத்தது. 1949இல் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றியது. ஃபோக் என்பதற்குத்தான் தமிழில் 'நாட்டுப்புற' என்கிறோம். அவர்களே கைவிட்ட பெயரை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னைப் பாருங்கள். 1932இல் கென்டக்கி மலைப்பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. 15 வயதில் கல்யாணம், அப்புறம் நாட்டின் மறுகோடியில் வாஷிங்டன் மாநிலத்தில் குடித்தனம். கணவர் வாங்கித் தந்த மலிவான கிட்டாரில் தானே வாசிக்கப் பழகினார். 1960இல் முதல் இசைத்தட்டு வந்ததும் இருவரும் அதைக் காரில் எடுத்துக்கொண்டு வானொலி நிலையம் நிலையமாக ஏறி இறங்கினார்கள். பாட்டு பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் 14ஆம் இடம் வரை போனது. 1972இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான்.

ஏற்றப்பாட்டையும் தாலாட்டையும் கட்டியவர் யாரென்று நமக்குத் தெரியாது, அவை ஊர்ச்சொத்து. லொரெட்டாவின் முதல் பாட்டு அவரே எழுதியது. அதற்கு இசைத்தட்டு உண்டு, விற்பனை உண்டு, தரவரிசை உண்டு. பாட்டின் வாசனை கிராமத்துடையது, தொழில் நகரத்துடையது. அதனால் 'நாட்டுப்பாணி இசை', 'நாட்டுப்பாணிப் பாடகி' என்பவையே பொருந்தும் என்பது என் கட்சி. முதல் தடவை எழுதும்போது பக்கத்தில் 'கன்ட்ரி' என்றும் போட்டுவிட்டால் வாசகர் குழம்பமாட்டார்.