நம்பிக்கை மையத்துல எச்ஐவி டெஸ்ட்: உள்ள போனா என்ன நடக்கும்?

தமிழ்நாட்டுல ஜிஹெச் பக்கம் போனவங்க "நம்பிக்கை மையம்"னு ஒரு போர்டு பார்த்திருப்பீங்க. எச்ஐவிக்கு ஆலோசனையும் டெஸ்ட்டும் ஒரே இடத்துல ஃப்ரீயா குடுக்குற இடம் அதுதான், ஆஸ்பத்திரிக்காரங்க ஐசிடிசினு சொல்வாங்க. மெடிக்கல் காலேஜ், ஜிஹெச், தாலுகா ஆஸ்பத்திரில இதுக்குன்னே கவுன்சிலரும் லேப் டெக்னீஷியனும் இருப்பாங்க. ஊர்ப்பக்கம் இருக்குற ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல தனி ஆள் இருக்க மாட்டாங்க, அங்க இருக்குற நர்ஸே பேசி, டெஸ்ட்டும் அங்கயே நடக்கும்.

உள்ள போனதும் ஊசி குத்திடுவாங்கன்னு பயந்துட்டே வராங்க, ஆனா முதல்ல பேச்சுதான். எதுக்கு டெஸ்ட், ரிசல்ட் எப்படி வந்தாலும் அடுத்து என்ன பண்ணலாம்னு கதவைச் சாத்திட்டு பேசுவாங்க, நீங்க சரின்னு சொன்னாத்தான் ரத்தம் எடுக்கணும். இது அவங்க காட்டுற பெருந்தன்மை இல்லீங்க, சட்டம். 2017ல வந்த எச்ஐவி எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10ல இருந்து அமல்ல இருக்கு, அதுப்படி சம்மதம் வாங்காம டெஸ்ட் பண்ணக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு மத்த ரத்த டெஸ்ட்டோட இதையும் சேர்த்து எடுப்பாங்க, அவங்களும் வேண்டாம்னு சொல்லலாம், ஆனா சொல்லாதீங்க, முன்னாடியே தெரிஞ்சா தாய்க்கு மாத்திரை, குழந்தைக்கு சிரப்புன்னு குடுத்து குழந்தைக்குப் போகாம பெருமளவு தடுத்திடலாம்.

நிறைய பேர் குழம்புறது ரிசல்ட்லதான். சின்ன கிட்ல ஒரு சொட்டு விட்டு ரெண்டு கோடு வந்துடுச்சுன்னா அதோட முடிவு இல்லை. ஒரே ஆளோட ரத்தத்தை மூணு விதமான கிட்ல பார்த்து மூணுலயும் வந்தாத்தான் பாசிட்டிவ்னு சொல்வாங்க. அதனாலதான் சுகாதார நிலையத்துல முதல் கிட்ல கோடு வந்தா பெரிய மையத்துக்கு அனுப்புறாங்க, அங்க போறதுக்குள்ள உடைஞ்சு போயிடாதீங்க. அதே மாதிரி நெகட்டிவ்னு வந்ததும் துள்ளவும் வேண்டாம், தொற்று ஏறின புதுசுல டெஸ்ட்ல தெரியாது, சந்தேகப்படுற சம்பவம் சமீபத்துல நடந்திருந்தா மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும்.

பாசிட்டிவ்னா ஏஆர்டி மையத்துக்கு, அதாவது எச்ஐவிக்கு மாத்திரை குடுக்குற இடத்துக்கு, சீட்டு எழுதிக் குடுப்பாங்க. முன்னெல்லாம் உடம்போட எதிர்ப்பு சக்தியைக் காட்டுற சிடி4ங்கிற ரத்த அணுக்களோட எண்ணிக்கை குறையுற வரைக்கும் காத்திருக்கச் சொன்னாங்க, 2017ல இருந்து அது கிடையாது, எண்ணிக்கை என்னவா இருந்தாலும் மாத்திரை ஆரம்பிக்கலாம், அதுவும் ஃப்ரீ.

"ஊருக்குத் தெரிஞ்சிடுமா?" இதைக் கேக்காதவங்களே இல்லை. நம்பிச் சொன்ன ஒருத்தரோட ரிசல்ட்டை அவங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்லக்கூடாதுன்னு அதே சட்டத்துல இருக்கு. கணவன் மனைவிக்கு நீங்களே சொல்லிடுங்கன்னு கவுன்சிலர் வற்புறுத்துவார். நீங்க சொல்லவே மாட்டீங்க, துணைக்கு ஆபத்துன்னு பட்டுச்சுன்னா, உங்ககிட்ட தெரிவிச்சிட்டு டாக்டரோ கவுன்சிலரோ சொல்ல சட்டத்துல இடம் இருக்கு. ஆனா ஒரு பொண்ணோட ரிசல்ட்டை புருஷன்கிட்ட சொன்னா அடி விழும், வீட்டை விட்டுத் துரத்திடுவாங்கன்னு பயம் இருந்தா சொல்லக்கூடாதுன்னும் அதுலயே எழுதியிருக்கு. இந்தக் கடைசி வரி தெரியாமலே எத்தனையோ பொண்ணுங்க டெஸ்ட்டுக்கே வராம இருக்காங்க.

நேர்ல போகத் தயக்கமா இருந்தா முதல்ல 1097க்கு போன் போட்டுப் பேசுங்க, காசு கிடையாது, பக்கத்துல எங்க மையம் இருக்குன்னும் சொல்வாங்க.