மீனுக்கு ஏன் வெறும் பிரிட்ஜ் போதாது

திருகோணமலைச் சந்தையில் காலையில் வாங்கிய பாரை மீனையும் மாட்டிறைச்சியையும் பிரிட்ஜின் ஒரே தட்டில் வையுங்கள். மூன்றாம் நாள் இறைச்சி கறிக்கு ஆகும், மீன் பெரும்பாலும் ஆகாது. இரண்டுக்கும் ஒரே குளிர்தான். வித்தியாசம் தசையில் இருக்கிறது.

மாட்டை அறுத்த பிறகு தசையில் மிஞ்சிய கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை லக்டிக் அமிலமாக மாறும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 7 இலிருந்து ஏறத்தாழ 5.5க்கு இறங்கிவிடும். அந்தப் புளிப்பில் பக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். மீனோ வலைக்குள் துடித்தே அந்தக் கிளைக்கோஜனில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறது. அதனால் பல மீன்களில் பி.எச். 6க்குக் கீழே இறங்குவதில்லை. போதாததற்கு, கடல்மீனின் தசையில் உப்புநீரைச் சமாளிக்க டிரைமெதிலமைன் ஆக்சைடு என்ற பொருள் உண்டு. பக்டீரியா அதை டிரைமெதிலமைனாக மாற்றும்போது வருவதுதான் அந்தப் பழைய மீன் நாற்றம். தேசிக்காய் பிழிந்தால் நாற்றம் அடங்கும். ஆனால் மீன் புதிதாகிவிடாது!

இந்த வேலையைச் செய்யும் பக்டீரியாக்களில் பல குளிருக்குப் பழகியவை. 4 பாகை செல்சியஸிலும் அவை சும்மா இருப்பதில்லை. உருகும் ஐஸின் 0 பாகையில் இன்னும் நன்றாகத் தளர்ந்துபோகும். ஆகவே குடலையும் செவுளையும் எடுத்துக் கழுவிய மீனை, ஓட்டையுள்ள தட்டில் ஐஸோடு வைத்து, அடியில் ஒரு பாத்திரம் வைத்துக் கீழ்த்தட்டில் வையுங்கள். சேரும் தண்ணீரை அவ்வப்போது ஊற்றிவிட வேண்டும். சொப்பிங் பையில் கட்டி அப்படியே தள்ளிவிட்டால், மீன் தன் நீரிலேயே ஊறிக் கிடக்கும். பிரிட்ஜின் கதவுத் தட்டும் வேண்டாம், அங்கேதான் சூடு அதிகம். இறைச்சியும் கீழ்த்தட்டில்தான் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அதன் நீர் சமைத்த சாப்பாட்டில் சொட்டும். கோழி, அரைத்த இறைச்சி இரண்டும் ஓரிரு நாளுக்குமேல் தாங்காது. மாட்டிறைச்சித் துண்டுகள் மூன்று முதல் ஐந்து நாள் வரை இருக்கும்.

சூரை, கும்பிளா, சாளை வாங்கும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இவற்றில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். சூட்டில் கிடந்தால் செவுளிலும் குடலிலும் உள்ள சில பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு அரிக்கும். பலர் ஒவ்வாமை என்று நினைத்துவிடுவார்கள். கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. நிறமும் மணமும் சரியாக இருக்கும்போதே அது சேர்ந்திருக்கலாம். வெயில் 30 பாகையைத் தாண்டும் ஊரில், வாடியிலிருந்து வீடு வரும் வழிதான் ஆபத்தான நேரம். மீன்காரரிடம், "அண்ணை, கொஞ்சம் ஐஸும் போட்டுத் தாங்கோ" என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு கிழமைக்கு வைக்கவேண்டுமானால் பிரீசர்தான் வழி, -18 பாகையில். அங்கே பக்டீரியா சாகாது, தூங்கும், அவ்வளவுதான். பெரிய கட்டியாகப் போட்டால் மெதுவாக உறைந்து பெரிய பனிப்படிகங்கள் உண்டாகும். அவை தசை உயிரணுக்களைக் கிழிப்பதால் இளகும்போது சாறு வடிந்து மீன் சக்கையாகிவிடும். ஒரு நேரக் கறிக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, தட்டையான பொதிகளாக்கி, காற்றை நன்றாக அமுக்கி வெளியேற்றிக் கட்டுங்கள். இளக வைக்கும்போது குசினி மேசையில் விடாமல் முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடலாம். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். நிறைந்த பிரீசர் சுமார் 48 மணிநேரம் தாங்கும், பிரிட்ஜ் 4 மணிநேரம்தான்.